நாமக்காரன்

திருகோணமலைக்கு வேலைக்கு வந்த முதல் சிறுபோகத்தில் நான் எண்ணிய பழ ஈக்களின் தொகை என் பழைய கொப்பியில் இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் நிலாவெளிப் பக்கம் ஒரு பாவற்பந்தலுக்குக் கீழே குந்தியிருப்பேன். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் துளையிட்டுச் செய்த பொறிகளை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, சாமணத்தால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணுவேன். உள்ளே தொங்கும் பஞ்சில் ஈயை இழுக்கிற மெதைல் யூஜினோல் என்ற வாசமருந்தும் கொஞ்சம் பூச்சிமருந்தும் இருக்கும். கராம்பு போல ஒரு வாசம். கச்சான் காற்று தாளைத் தூக்கினால் எண்ணியது எல்லாம் மணலோடு மணலாகும், திரும்பவும் முதலிலிருந்து.

“நல்லாய்ப் பிடிபடுது ஐயா” என்று பெருமையாகச் சொன்னேன். தோட்டக்கார ஐயா பதில் சொல்லவில்லை. பந்தலில் வெம்பி மஞ்சளாகிப்போன ஒரு பாவற்காயை முறித்து என் தாளின் மேலே வைத்தார். உள்ளே பால் நிறத்தில் புழுக்கள் நெளிந்தன.

“பிள்ளை, உன்ர போத்தலுக்கை கிடக்கிறது ஆர், என்ர காய்க்கை கிடக்கிறது ஆர்?”

அந்தக் கேள்விக்கு எனக்கு அன்றைக்கு மறுமொழி இல்லை.

பழ ஈ என்றதும் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈயைத்தான் பலரும் நினைப்பார்கள். அது அழுகலுக்கு வருவது, பாவம். நான் சொல்வது நல்ல காயில் ஊசி போட்டு முட்டையிடும் வேறு சாதி. குளவி மாதிரி மஞ்சளும் பழுப்புமாக இருக்கும்.

முறித்த காயை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, மணல் போட்ட பெரிய போத்தலில் வைத்து மெல்லிய துணியால் வாய் கட்டினேன். சில காய்களைப் பழைய பேப்பரில் பரப்பியும் வைத்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, பேப்பரில் டிக், டிக் என்று சத்தம். பல்லி என்று நினைத்தேன். முற்றிய புழுக்கள் காயை விட்டு வெளியே வந்து, தலையையும் வாலையும் கொழுவி வில்லுப்போல் வளைந்து, சட்டென்று விட்டுப் பாய்ந்துகொண்டிருந்தன. மேசை விளிம்பில் ஒன்று, என் செருப்பில் ஒன்று. மண்ணைத் தேடித்தான் அந்தப் பாய்ச்சல். மண்ணில் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைந்து கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு மணலைச் சல்லடையில் அரித்தபோது தவிட்டு நிறத்தில் சிவப்பரிசி மணிகள் போல வந்தன. எங்கள் ஊர் வெயிலுக்கு முட்டை ஈயாக இரண்டு மூன்று கிழமை போதும்.

வெளிவந்த ஈயை உருப்பெருக்கியில் பார்த்தேன். முதுகில் நெடுக்காக மூன்று மஞ்சள் கோடுகள். போத்தலில் எண்ணியவற்றுக்கு இரண்டே கோடு. மெதைல் யூஜினோலுக்கு வருவது மாமரத்து ஈ. ஐயாவின் வேலியோரம் நின்ற கறுத்தக்கொழும்பான் மரம்தான் என் கொப்பியை நிரப்பியிருக்கிறது. பாவல், புடோல், பீர்க்கு, வெள்ளரியைக் குத்துகிற மூன்று கோட்டு ஈ அந்த வாசத்தைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு வேறு வாசம், கியூ-லூர் என்று பெயர். கந்தோர் அலுமாரியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனது என் பிழை. ஒரு போகம் முழுக்க வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐயாவிடம் உண்மையைச் சொல்லி, உருப்பெருக்கியையும் கையில் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக் கனநேரம் பார்த்தார். “மூண்டு கோடு. நாமமெல்லோ போட்டிருக்கிறான். எங்களுக்கும் போட்டிட்டான்.” அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த ஈயின் பெயர் நாமக்காரன். லத்தீன் பெயர் அறிக்கைக்கு மட்டும்.

சரியான வாசத்தை மாட்டினாலும் கதை முடியவில்லை. இரண்டு வாசமும் ஆணைத்தான் இழுக்கும், காயைக் குத்துவது பெண். 1912இல் பீகாரின் பூசாவில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் சிட்ரனெல்லா எண்ணெய்க்கு ஈக்கள் வருவதைக் கவனித்து எழுதினார். வந்தவை ஆண்கள். ஆணை மட்டும் பிடித்தே ஈயை ஒழித்த இடமும் உண்டு. 1960களில் பசிபிக்கின் ரோட்டாத் தீவில், மெதைல் யூஜினோலும் நஞ்சும் ஊறிய சதுரத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு மாமர ஈயின் சாதியையே துடைத்தார்கள். நாமக்காரனை ஜப்பானியர் மலட்டு ஆண்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, 1993இல் ஒக்கினாவாத் தீவுகளிலிருந்து இல்லாமல் செய்தார்கள். இரண்டும் கடல் சூழ்ந்த இடங்கள். எங்களுக்கு முன்பக்கம் கடல் இருந்தாலும் பின்பக்கம் முழுத் தீவும் கிடக்கிறது. அரை ஏக்கரில் நாலு போத்தல் தொங்கவிட்டால், தப்பிய ஒரு ஆண் பல பெண்களோடு கூடிவிடுவான், அடுத்த தோட்டத்திலிருந்தும் வருவான். ஈ வந்துவிட்டது என்று பொறி சொல்லும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தது என் ஆசை.

அடுத்த போகம் எண்ணுவதைக் குறைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். கொப்பியும் தண்ணீரும் ஒரு தொப்பியுமாக விடியப் போய், பந்தலுக்குள் சும்மா இருப்பது. “படிச்ச பிள்ளை, வந்து குந்தியிருக்குது” என்று ஐயாவின் மனைவி சிரித்துக்கொண்டு தேத்தண்ணி தருவா. முதல் நாள்களில் எனக்கே சந்தேகம்தான். காய்க்குக் காய் குத்து இருக்கிறது, ஈயைத்தான் காணவில்லை. மத்தியானம் பந்தல் வெறும் பந்தல். ஒரு நாள் பின்னேரம் கால் மரத்துப்போய் எழும்பி, வேலியோரம் வீட்டுத் தேவைக்கு நட்டிருந்த சோளன் வரிசைப் பக்கம் நடந்தேன். ஒரு இலையைத் திருப்பினேன். கீழ்ப்பக்கம் ஆறேழு பேர் சிறகை விரித்து இருந்தார்கள். அடுத்த இலையிலும் அப்படியே. பொழுது படுகிற நேரம் ஆண்கள் சிறகை அதிரவைத்தார்கள், பெண்கள் வந்தார்கள். நாமக்காரனுக்கு வீடு சோளனில். பாவலுக்குப் பெண் வருவது முட்டையிட மட்டும், வந்த வேலை முடிந்ததும் போய்விடுகிறாள். இதை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நான் முன்பே வாசித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனாலும் பந்தலுக்குள்ளேதான் தேடினேன்.

ஐயா கிழமைக்கு இரண்டு தரம் மருந்து மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு நனைத்தது முழுக்கப் பந்தலை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆய்கிற காய் அது, மருந்து காய்வதற்குள் திருகோணமலைச் சந்தைக்குப் போய்விடும்.

பெண் ஈக்கு முட்டை முற்றப் புரதம் வேண்டும். இனிப்பை மட்டும் தின்றால் உயிரோடு இருப்பாள், முட்டை வைக்கமாட்டாள். ஆகவே புரதக் கரைசலில் கொஞ்சம் மருந்து கலந்து, சோளன் இலையின் கீழ்ப்பக்கம் அங்கொரு துளி இங்கொரு துளியாகத் தெளித்தால் போதும், காயில் ஒரு சொட்டும் படத் தேவையில்லை. இதைச் சொன்னபோது ஐயா என்னைப் பார்த்த பார்வை! “நோய் எனக்கு, ஊசி பக்கத்து வீட்டுக்காரனுக்கோ?” பாதித் தோட்டத்தில் என் முறை, பாதியில் அவர் முறை என்று பேசி முடித்தோம். இரண்டு பாதிக்கும் நடுவே சுவரா இருக்கிறது? ஆராய்ச்சி முறைப்படி பார்த்தால் அது பரிசோதனையே அல்ல. ஆனால் நான்காம் கிழமை அவராகவே மெசினை மாட்டுக்கொட்டிலில் தொங்கவிட்டதைக் கண்டேன். பிஞ்சுகளுக்குப் பேப்பர் உறை போடும் வேலையை ஐயாவின் மனைவி எடுத்துக்கொண்டா. பிஞ்சு விரல் பருமனாகும் முன் போடவேண்டும், பிந்தினால் முட்டையையும் சேர்த்துப் பொத்திவைத்த மாதிரி. புடோலுக்குக் கல்லுக் கட்டி நிமிர்த்துகிற கைகளுக்கு அது பெரிய வேலை இல்லை.

எனக்குப் பெரிய வேலையாக இருந்தது குத்துப்பட்ட காய்களை அப்புறப்படுத்துவது. எல்லோரும் செய்வதுபோல ஐயாவும் வேலியோரம் எறிவார், இல்லாவிட்டால் மேலாக மண்ணைத் தள்ளி மூடுவார். நிலாவெளி மணலில் நாலு விரல் ஆழத்தில் புதைப்பது புழுவுக்குப் பாய் விரித்துக் கொடுப்பதுபோல. ஈ அந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். முழங்கால் ஆழத்துக்காவது வெட்டவேண்டும், முடியாவிட்டால் தடித்த பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடவேண்டும். ஐயா பையைத் தேர்ந்தெடுத்தார், வெட்டுகிற வயதில்லை என்றார்.

கடைசியாக நான் போன அன்று பொறியில் நாமக்காரன் திரும்பக் கூடியிருந்தான். சோளன் இருக்கிறது, உறை இருக்கிறது, பைகளும் வெயிலில் வரிசையாக இருக்கின்றன, எங்கிருந்து வருகிறான்? வேலியால் எட்டிப் பார்த்தோம். பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் சோளன் வரிசைக்கு இரண்டு முழம் தள்ளி, வெம்பின பீர்க்கங்காய் ஒரு குவியல். ஐயா கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு கொட்டிலுக்குப் போய் இரண்டு பொலித்தீன் பைகளை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, வேலியில் ஒரு கிடுகை விலக்கினார்.

“வா பிள்ளை, நீயும் ஒரு பை பிடி.”