அத்தைக்குத் தனிச் சமையல் வேண்டாம்

அத்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் உறவினர்கள் எல்லோரும் சொன்ன யோசனை, அவருக்கென்று தனிச் சமையல். காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் சப்பாத்தி. நாங்கள் மூவரும் சோறும் குழம்புமாக உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் வேறு தட்டு. தஞ்சாவூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே வளர்ந்த எழுபது வயதுப் பெண்மணியிடம் இதை எப்படிச் சொல்வது? மறுத்துவிட்டேன். அவர் உடம்புக்கு ஏற்ற சாப்பாடு என் கணவருக்கும் கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் நல்லதுதானே? மாறினால் வீட்டுச் சமையல் முழுவதும் மாறட்டும். அப்போதுதான் அது நிலைக்கும்.

அளவுக்கு ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியை எடுத்துக்கொண்டேன். 1918இல் நம் குன்னூரில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய நிறுவனம் அது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, பயறு 85, காய்கறி 400, பழம் 100, எண்ணெய் 27 என்று அது வகுக்கிறது. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

தினமும் தராசு வைத்துச் சமைக்க முடியாது. அதனால் இதையே நான்கு பேருக்கான மாத மளிகைச் சீட்டாகக் கணக்கிட்டேன். தானியம் 30 கிலோ; இட்லி அரிசி, கோதுமை, ரவை எல்லாம் அதற்குள் அடக்கம். எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர். பருப்பு, பயறு மட்டும் 10 கிலோ! முட்டை, மீன் சாப்பிடுகிற வீட்டில் இதில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் துவரையும் உளுந்துமாக நான்கைந்து கிலோதான் வாங்குகிறார்கள். அரிசி மட்டும் சிப்பம் சிப்பமாக இறங்குகிறது. நம் தட்டின் குறை இங்கேதான் இருக்கிறது.

ஆகவே பயறுகளை எல்லா வேளைக்கும் கொண்டுவந்தேன். காலையில் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு பருப்பு போட்ட அடை, அல்லது முளைகட்டிய பச்சைப்பயறு சேர்த்து அரைத்த தோசை. மதியம் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, மொச்சைக் குழம்பு, கொத்தவரங்காய் உசிலி, கொள்ளு ரசம். மாலையில் பஜ்ஜி இருந்த இடத்தில் சுண்டல். இவை எதுவும் அத்தைக்குப் புதிதில்லை. உசிலிக்குப் பருப்பை எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நோயாளியாக ஒதுங்கியிருக்க வேண்டியவர் சமையலறைக்கு ஆசிரியராகிவிட்டார். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

காய்கறி நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 1600 கிராம். விலை ஏறும் மாதங்களில் சுரைக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, பூசணி என்று அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறேன். பரிமாறும்போது முதலில் பொரியலும் கூட்டும், பிறகுதான் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன.

சிறுதானியம் பற்றி ஒரு சொல். கேழ்வரகும் தினையும் நல்லவை. அரிசியைவிட நார்ச்சத்து அதிகம். ஆனால் அவையும் தானியக் கணக்கில்தான் சேரும். சர்க்கரை உள்ளவர்கள் கேழ்வரகுக் களியை அளவில்லாமல் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

தீபாவளிக்கு அதிரசம் உண்டு. அத்தைக்கும் ஒன்று உண்டு, சாப்பாட்டோடு சேர்த்து, அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பின் அளவே வேறு. இந்த இரண்டு வகையினரும் மளிகைச் சீட்டை மாற்றுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.