மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கிய கதை

என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கவில்லை. அதற்குப் பேர் கொள்கை என்று நான் சொல்வேன், சோம்பேறித்தனம் என்று மனைவி சொல்வாள். நான் பி.சி., அவள் ஆதிதிராவிடர். கல்லூரியில் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டதால் அவள் அம்மா வீடு இருக்கும் காலனியிலேயே குடியேறி பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது சாதி, மதம் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விட்டேன். பெற்றோர் விரும்பினால் அப்படி விடலாம் என்று 1973இலேயே அரசாணை இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் அதை எடுத்துச் சொன்னபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாம் வகுப்புக்குப் போகும்போது உதவித்தொகைக்காகச் சான்றிதழ் கேட்டார்கள். “சாதி, மதம் அற்றவர்னே சான்றிதழ் வாங்கிடலாம், 2019ல திருப்பத்தூர்ல ஒரு பெண் வழக்கறிஞர் வாங்கியிருக்காங்க” என்றேன். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நீ விட்டுட்டேன்னு சொன்னா பெரிய மனுஷன்னு சொல்வாங்க. நான் விட்டுட்டேன்னு சொன்னா, மறைக்கிறாள்னு சொல்வாங்க. அவளுக்கு எது நடக்கும்னு நினைக்கிற?”

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், திருமணம் வரை என் சாதியை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டி வரவில்லை, அவ்வளவுதான். அவளும் சொன்னதில்லை. ஆனால் அவள் விடுதி அறையில், வாடகை வீடு தேடும்போது, தோழி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்று ஒவ்வொரு இடத்திலும் யோசித்து யோசித்துச் சொல்லாமல் இருந்தவள்.

சரி, எஸ்.சி. என்றே வாங்குவது என்று முடிவானது. இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய். எங்கள் இருவரின் சாதிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, குடும்ப அட்டை, மூவரின் ஆதார், மகளின் போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். மனைவியின் சாதிச் சான்றிதழ் அந்தக் காலத்து நிரந்தர அட்டை, ஓரமெல்லாம் பழுத்துப்போய் இருந்தது. விண்ணப்பம் முதலில் வி.ஏ.ஓ.விடம், பிறகு வருவாய் ஆய்வாளரிடம், கடைசியில் வட்டாட்சியரிடம் போகும். எஸ்.சி. சான்றிதழில் கையெழுத்து வட்டாட்சியருடையது. எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும், அவர்கள் படும் பாடு தனிக்கதை.

மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம்.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே அதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆகவே யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். “தம்பி எந்த ஊரு?” சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” சொன்னேன். “யார் மகன்?” அப்பா பெயரைச் சொன்னதும் வி.ஏ.ஓ. முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம ஆளா! உட்காருங்க” என்று சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினார். கிராம உதவியாளர் அதைத் துடைத்து என் பக்கம் நகர்த்திப் போட்டார். நானும் உட்கார்ந்தேன். அடுத்த பத்து நிமிஷம் நானும் அவரும் எங்கள் ஊர் ஏரி, கும்பாபிஷேகம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மனைவியும் மகளும் கதவுப்பக்கம் நின்றுகொண்டே இருந்தது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. உடனே எழுந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. ‘நீ உட்காரு’ என்று கையை மட்டும் காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“அப்பா சாதியையே போட்டுக்கலாமே தம்பி. பொம்பளப் புள்ள. நாளைக்குக் கட்டிக் கொடுக்கணும்ல?” என்றார். அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் சங்கடம். மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம்: தந்தையின் சாதிக்கு விண்ணப்பிக்கவும்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை. கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் அறிவிப்பின்படி இருவரில் ஒருவர் சாதியில் சான்றிதழ் தரலாம் என்பது இங்கே 1975 அரசாணையிலிருந்து இருக்கும் வழக்கம். உச்ச நீதிமன்றமும் 2012இல், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அப்பா சாதிதான் பிள்ளையின் சாதி என்பது வெறும் அனுமானம், தாயின் சமூகத்தில் வளர்ந்ததையும் அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதையும் காட்டி அதை மறுக்கலாம் என்றது. இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டேன். அது ஜமாபந்தி, அதாவது வட்ட அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனுக்களும் வாங்கும் கூட்டம், நடந்த நேரம். வரிசையில் நின்று மனு கொடுத்து, ரசீது வாங்கினோம். இந்த முறை மனு மனைவி பெயரில். நான் பின்னால் நின்றேன். மறுவாரமே கோப்பு நகர்ந்தது.

அப்புறம் வருவாய் ஆய்வாளர் காலனிக்கே விசாரணைக்கு வந்தார். இளவயதுப் பெண். எதிர்வீட்டுப் பாட்டியிடம் “இந்தப் பாப்பா யார் வீட்டுல வளருது?” என்று கேட்டார். “இதென்ன கேள்வி, தெருவுல இருக்க எல்லா வீட்லயும் தின்னுது” என்றது பாட்டி. பஞ்சாயத்துக்காரர் உள்ளே போய் நீளமான பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரி, வசூலித்த நோட்டு. ஒவ்வொரு வருஷப் பக்கத்திலும் என் மாமனார் பெயருக்குக் கீழே என் பெயர் தனித் தலைக்கட்டாக இருந்தது. முதல் வருஷம் முந்நூறு ரூபாய், போன வருஷம் ஐந்நூறு. முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘மாப்ளை’ என்று பென்சிலில் எழுதி அடித்திருந்தார்கள். ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை நான் அட்டாச் பண்ண முடியாது, ஆனா எழுதிக்கிறேன்” என்றார்.

அந்த நோட்டைப் பார்த்தபோது அப்பா நினைவுதான் வந்தது. எங்கள் திருமணம் நடந்த வருஷம் ஊரில் அவரிடம் வரி வாங்க மறுத்துவிட்டார்கள். வரி வாங்கவில்லை என்றால் சாமி அந்த வீட்டு வாசலில் நிற்காது; சாவு விழுந்தால் நாலு பேர் வர மாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அபராதம் கட்டி, எனக்கு ஒரே மகள்தான் என்று சொல்லிவிட்டு வந்தாராம். தங்கைதான் போனில் சொன்னாள். அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர் எப்படி நின்றிருப்பார் என்பதும் கூடவே வருகிறது.

இடையில் மகள் ஒரு சந்தேகம் கேட்டாள். மனைவியின் சித்தப்பா குடும்பம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் இங்கே பி.சி. பட்டியலில் வருவார்கள். “அப்போ ரூபன் மாமா பி.சி., அப்பாவும் பி.சி., ரெண்டு பேரும் ஒண்ணா?” என்றாள். மனைவி சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது.

ஜூலையில் எஸ்.எம்.எஸ். வந்தது. பதிவிறக்கி நாலு பிரதி எடுத்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம்: எந்தச் சாதியில் வேண்டும் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தை முதல் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள். நாங்கள் அதைத்தான் விட்டோம். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் எடுத்து வையுங்கள், ஜமாபந்தியோ திங்கள்கிழமை குறைதீர் கூட்டமோ அதை வைத்துத்தான் பேச முடியும்.

ஆகஸ்ட்டில் மாமியார் வீட்டு மனைப் பட்டா விஷயமாக அதே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். அவர் ஊர், தெரு எதுவும் கேட்கவில்லை. “அங்க நில்லுங்க, கூப்பிடுறேன்” என்றார். முக்கால் மணி நேரம் நின்றேன். சுவரோரம் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.