ஒரே எண்ணில் இரண்டு கிளை

சென்னையில் டேட்டா வேலை பார்ப்பவர்களிடம் "என்ன பண்றீங்க" என்று கேட்டுப் பாருங்கள். வேலையைச் சொல்ல மாட்டார்கள், டேட்டாவை ஓரிடத்திலிருந்து எடுத்து, மாற்றி, இன்னோரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் டூலின் பெயரைச் சொல்வார்கள். "இன்ஃபா." "டேட்டாஸ்டேஜ்." "அபினிஷியோ, இப்ப பெஞ்ச்." (பெஞ்ச் என்றால் ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது.) ஓஎம்ஆரில் ஷிப்ட் கேபில் பக்கத்தில் உட்காருபவர் முதல் டெலிவரி மேனேஜர் வரை எல்லோரும் ஆளை அடையாளம் வைத்துக்கொள்வது இப்படித்தான். நானும் நெடுங்காலம் இன்ஃபா ஆள். இன்ஃபர்மேட்டிக்கா பவர்சென்டர் என்று முழுப் பெயரைச் சொன்னதே விசா இன்டர்வியூவில்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து சனிக்கிழமை வாக்-இன்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும், இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயினர் பற்றி. "ஜாயினர்ல மாஸ்டர் அவுட்டர்னா எந்தப் பக்கத்து ரோ எல்லாம் வரும்?" மாஸ்டர் பக்கம் என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். பெயர்தான் மாஸ்டர் அவுட்டர், முழுசாக வருவது டீட்டெயில் என்ற மறுபக்கம். வேளச்சேரி இன்ஸ்டிட்யூட்டில் இதை மனப்பாடம் செய்து வந்தவனுக்கு வேலை கிடைக்கும். பத்து வருடம் டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் புரண்டுவிட்டு, டூலுக்குப் புதிதாக வந்தவன் திரும்பிப் போவான். இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. டூலை மாற்றச் சொல்லி கிளையன்ட் வந்து நிற்கும்போது இந்த மனப்பாடம் ஒன்றுக்கும் உதவுவதில்லை.

மாற்றச் சொல்லி வருவதும் நம் கையில் இல்லை. டேட்டாஸ்டேஜ் அசென்ஷியல் கம்பெனியிடமிருந்து ஐபிஎம் கைக்குப் போனது 2005இல். டேலெண்ட் என்ற இன்னொரு டூலை 2023இல் கிளிக் (Qlik) கம்பெனி வாங்கியது. பாதிப் பேர் இலவசமாகக் கற்றுக்கொண்ட டேலெண்ட் ஓப்பன் ஸ்டுடியோவை 2024 ஜனவரி கடைசியோடு நிறுத்தினார்கள். இன்ஃபர்மேட்டிக்காவை சுமார் 800 கோடி டாலருக்கு வாங்குவதாக 2025 மே மாதம் சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. பவர்சென்டர் 10.5க்கான வழக்கமான சப்போர்ட் 2026 மார்ச் 31 வரைதான் என்று தேதி குறித்துவிட்டார்கள். அங்கே யாரோ கையெழுத்துப் போட்டால் இங்கே துரைப்பாக்கத்தில் ஒரு மைக்ரேஷன் ப்ராஜெக்ட் முளைக்கும்.

நான் முதலில் மாறியது டேட்டாஸ்டேஜுக்கு. கை பழகுவதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. மேப்பிங் (டேட்டா எங்கிருந்து எங்கே எப்படிப் போகிறது என்று வரையும் படம்) என்றதை ஜாப் என்பார்கள், எக்ஸ்ப்ரஷன் இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டேஜ், வொர்க்ஃப்ளோ மானிட்டருக்குப் பதில் டைரக்டர். அம்புக்குறி இடமிருந்து வலம் போவது இரண்டிலும் ஒன்றுதான். சீக்கிரம் வந்துவிடும்.

வராதது வேறு. பவர்சென்டரில் வேரியபிள் போர்ட் என்று ஒன்று உண்டு. முந்தின ரோவில் இருந்த மதிப்பை அது அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். பாலிசி எண்படி வரிசைப்படுத்தி அனுப்பி, "இந்த எண்ணும் முந்தின எண்ணும் ஒன்றா? ஒன்று என்றால் தவணையோடு ஒன்று கூட்டு, இல்லையென்றால் ஒன்றிலிருந்து தொடங்கு" என்று எழுதுவது எங்களுக்குத் தூக்கத்திலும் வரும். டேட்டாஸ்டேஜிலும் ஸ்டேஜ் வேரியபிள் என்று அச்சு அசலாக அதே சங்கதி இருக்கிறது. பெயர்த்து எழுதினோம், டெவலப்மென்ட்டில் ஓட்டினோம், சரியாக வந்தது. ப்ரொடக்ஷனில் போட்ட மறுநாள் காலை, எங்கள் டீமில் இருந்த மதுரைப் பையன் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, ஒரே பாலிசிக்கு முதல் தவணை நாலு தடவை வந்துருக்கு."

டெவலப்மென்ட்டில் கான்ஃபிகரேஷன் ஃபைலில் ஒரு நோட், அதாவது எல்லா ரோவும் ஒரே வழியில். ப்ரொடக்ஷனில் நான்கு. ஒரே பாலிசியின் ரோக்கள் நான்கு பார்ட்டிஷனுக்கும் சிதறிப் போகின்றன, ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனக்கென்று ஒரு ஸ்டேஜ் வேரியபிளை வைத்துக்கொண்டு எண்ணுகிறது. எல்லோரும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரே பாலிசியின் ரோக்கள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும்படி பாலிசி எண்ணில் ஹேஷ் பார்ட்டிஷன் போட்டு, அதற்குள் வரிசைப்படுத்திய பிறகு சரியானது. தேடினால் லாஜிக்கில் ஒரு பிசகும் கிடைக்காது. "எல்லா ரோவும் ஒரே வழியாக வரிசையாக வரும்" என்பதை எங்கள் பழைய மேப்பிங் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் ஓட்டிய விதத்தில் அது தானாகவே நடந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் எந்த மைக்ரேஷனுக்குப் போனாலும் நான் படத்தை முதலில் பார்ப்பதில்லை. ப்ராப்பர்ட்டீஸ் டேபைத் திறப்பேன். யாரும் தொடாமல் விட்ட செட்டிங்குகள்தான் எனக்கு முக்கியம். மாற்றிய செட்டிங்குக்கு எங்காவது டிக்கெட் இருக்கும், டிசைன் டாக்குமென்ட்டில் ஒரு வரியாவது இருக்கும். தொடாததற்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் வருடக்கணக்காக ரிப்போர்ட்டில் வரும் எண்களைத் தீர்மானித்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

இப்போதைய ப்ராஜெக்டில் அதை நன்றாகப் பார்த்தேன். கிளையன்ட் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, பெயர் வேண்டாம். பவர்சென்டரில் இருந்ததை ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். உள்ளே கொண்டுவந்து கொட்ட அஷூர் டேட்டா ஃபேக்டரி, கணக்கெல்லாம் டிபிடியில் எஸ்க்யூஎல்லாக. பழைய மேப்பிங்கின் எக்ஸ்எம்எல்லைக் கொடுத்தால் எஸ்க்யூஎல் துப்பும் கன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். முக்கால்வாசி வேலையை அது செய்துவிடும் என்று மேலிடத்தில் பவர்பாயிண்ட் ஓடியது.

முதலில் பெயர்கள் காணாமல் போயின. நம் ஊர் வழக்கப்படி இனிஷியலும் பெயரும் தனித்தனி நெடுவரிசை (column). பழைய மேப்பிங் இரண்டையும் இரட்டைக் கோடு (||) போட்டு ஒட்டியிருந்தது. பவர்சென்டரில் ஒட்டும்போது ஒரு பக்கம் நல் (null, மதிப்பே இல்லாதது) என்றால் அதை விட்டுவிட்டு மறுபக்கத்தைத் தரும். ஸ்னோஃப்ளேக்கில் அதே இரட்டைக் கோடு, ஒரு பக்கம் நல் என்றால் மொத்தமும் நல். கன்வெர்ட்டர் குறியீட்டை அப்படியே பெயர்த்திருந்தது. இனிஷியல் இல்லாத பாலிசிதாரர்கள் எல்லோரும் பெயரில்லாதவர்கள் ஆனார்கள். நல் வந்தால் மாற்று மதிப்பை வைக்கும் கோயலெஸ் போட்டுச் சரி செய்தோம். இது சின்ன விஷயம், கண்ணில் படுகிற விஷயம்.

அடுத்தது பிரீமியம் கூட்டுத்தொகை. பேரலல் ரன்னில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதியது அதிகம் காட்டுகிறது. ரோ எண்ணிக்கையும் அதிகம். கிளை வாரியாகப் பிரித்தோம். எல்லாக் கிளையும் பைசா சுத்தமாகச் சேருகிறது, ஒரே ஒரு கிளையில் மட்டும் சரியாக இரு மடங்கு. கிளைகளின் விவரம் இருக்கும் கிளை மாஸ்டர் டேபிளைத் திறந்தால் அந்த எண்ணுக்கு இரண்டு ரெக்கார்ட். ஒன்று அடையாறு, ஒன்று சோழிங்கநல்லூர்.

பவர்சென்டரில் அது லுக்அப், இன்னொரு டேபிளில் தேடி மதிப்பை எடுத்து வருவது. வழக்கமான லுக்அப்பில் ஒரு ரோ உள்ளே போனால் ஒரு ரோதான் வெளியே வரும், அந்தப் பக்கம் இரண்டு பொருத்தம் இருந்தாலும். எதைத் தர வேண்டும் என்பதற்கு ஒரு செட்டிங் உண்டு: முதலாவது, கடைசி, ஏதோ ஒன்று, இல்லையென்றால் எரர். எங்கள் மேப்பிங்கில் இருந்தது, யாரும் தொடாத "ஏதோ ஒன்று". கன்வெர்ட்டர் லுக்அப்பை லெஃப்ட் ஜாயினாக மாற்றியிருந்தது. லெஃப்ட் ஜாயினுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது, இரண்டு பொருத்தம் இருந்தால் இரண்டு ரோ.

கிளையன்ட் பக்கம் இருந்த பெரியவருக்கு போன் போட்டேன். ரிட்டயர்மென்ட்டை நெருங்கியவர், அந்த மாஸ்டர் டேபிளை அதன் பேப்பர் காலத்திலிருந்தே தெரிந்தவர்.

"சார், இந்த பிராஞ்ச் கோடுக்கு ரெண்டு ரெக்கார்ட் இருக்கு. எது சரி?"

"அடையாறுல இருந்த பிராஞ்ச்மா. சோழிங்கநல்லூர் ஷிஃப்ட் ஆயிடுச்சே."

"பழசுக்கு எண்ட் டேட் போடலையே சார்."

"அது மாஸ்டர் டீம் போட்டிருக்கணும்." சற்று நேரம் சத்தமில்லை. "இவ்ளோ நாளா ரிப்போர்ட்ல எது வந்துச்சு?"

அடையாறு. கிளை இடம் மாறிய பிறகும், சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து பிடித்த பிசினஸ் முழுவதும் அடையாறு கணக்கில்தான் போயிருந்தது. முகவரி மட்டும் என்றால் பரவாயில்லை. கம்பெனி கணக்கில் அடையாறு சென்னை மண்டலம், சோழிங்கநல்லூர் செங்கல்பட்டு மண்டலம். மண்டல டார்கெட்டெல்லாம் இந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான்.

சரியானதைப் போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். போட முடியாது. பேரலல் ரன்னில் பழையதும் புதியதும் ஒத்துப்போனால்தான், பழையதை நிறுத்திப் புதியதுக்கு மாறும் கட்ஓவருக்குக் கையெழுத்து கிடைக்கும். சரியாகப் போட்டால் ஒத்துப்போகாது. அதனால் பழைய தப்பையே புதிய இடத்தில் கவனமாகக் கட்ட வேண்டியிருந்தது. அதிலும் ஒரு சிக்கல்: "ஏதோ ஒன்று" என்பதை எஸ்க்யூஎல்லில் எப்படி எழுதுவது? ரோ நம்பர் போட்டு முதலாவதை எடு என்றால், எதன்படி முதலாவது என்று கேட்கும். பழைய டூல் ஒரு ஒழுங்கும் சொல்லாமல் எடுத்து வந்ததற்கு நாங்கள் இப்போது ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். கிளை திறந்த தேதியை ஏறுவரிசையில் வைத்தால் பழைய விடையே வந்தது. அப்படியே எழுதி, மேலே நீளமாக ஒரு கமென்ட்டும் டிக்கெட் எண்ணும் போட்டோம். ரிவ்யூவில் ஒருவர் "கமென்ட் கோடை விடப் பெரிசா இருக்கே" என்றார். இருக்கட்டும்.

புதிய இடத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் குறை, பவர்சென்டரின் செஷன் லாக். ரீடர், டிரான்ஸ்ஃபர்மேஷன், ரைட்டர் என்று ஒவ்வொரு த்ரெட்டும் எத்தனை சதவீதம் பிஸி என்று கடைசியில் எழுதியிருக்கும். ரீடர் 99 என்றால் சோர்ஸ் பக்கம் இழுக்கிறது, ரைட்டர் 99 என்றால் டார்கெட் பக்கம். ராத்திரி இரண்டு மணிக்குப் பாதித் தூக்கத்தில் பார்த்தாலும் யாரை எழுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். இப்போது அதே விவரத்துக்கு டேட்டா ஃபேக்டரி மானிட்டரில் ஒரு டேப், ஸ்னோஃப்ளேக்கில் க்வெரி ப்ரொஃபைல் இன்னொரு டேப், டிபிடி லாக் மூன்றாவது டேப்.

"எந்த டூல் படிக்கலாம் அக்கா" என்று சின்னப் பிள்ளைகள் கேட்டால் எஸ்க்யூஎல் படி என்கிறேன். முகம் வாடிவிடும், ரெஸ்யூமில் போட அது பளிச்சென்று இருக்காது. நியாயம்தான், அவர்களை ஷார்ட்லிஸ்ட் செய்பவர் இன்னமும் டூல் பெயரைத்தான் தேடுகிறார்.

கட்ஓவர் ஒருவழியாக முடிந்தது. பெரியவர் மாஸ்டர் டீமைப் பிடித்து எண்ட் டேட் போட வைப்பதற்குள் மாதக் கடைசி வந்துவிடும் என்பதால், டிக்கெட்டில் சொன்னபடி அந்த ஏறுவரிசையை இறங்குவரிசையாக மாற்றினோம். ஒரே ஒரு வார்த்தை. அடுத்த மாத ரிப்போர்ட் போன அன்றே சென்னை மண்டல மேலாளரிடமிருந்து, தன் அடையாறு பிசினஸ் எங்கே போனது என்று கேட்டு மெயில் வந்தது, எங்கள் எல்லோரையும் சிசியில் வைத்து. பெரியவர் எனக்கு போன் செய்து, "நீங்க பதில் போட வேணாம்மா, நானே பேசிக்கறேன்" என்றார்.