கேட்டலினா 22-ஐ வீட்டுக்கு இழுத்து வருவது: முதல் பழுது டிரெய்லருக்கு

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் படகுத்துறை வாடகை அடிக்கணக்கில் மாதாமாதம் போகும். அடிக்கு 15 டாலர் என்று வைத்தால்கூட கேட்டலினா 22 போன்ற 22 அடிப் பாய்மரப் படகுக்கு மாதம் 330. பழுதுக்காகப் படகு சும்மா கிடக்கும்போது இந்தப் பணம் வீண். பழுதுபார்க்கும் யார்டில் ஏற்றி நிறுத்தினால் நாள் வாடகை தனி. நம் கையால் வேலை செய்ய எல்லா யார்டும் விடுவதுமில்லை. பெர்க்லி துறையிலிருந்து ஆல்டமான்ட் கணவாய் தாண்டி டிரேசி, மான்டீகா பக்கம் வீடு இருந்தால், பக்கவாட்டு வாசலில் படகை நிறுத்திக்கொள்வது எவ்வளவோ மிச்சம். அதற்கு முன் நகராட்சி விதியையும் குடியிருப்போர் சங்க விதியையும் படித்துவிடுங்கள். வாசலில் படகு தெரியக்கூடாது, வேலிக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும் என்று பல இடங்களில் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் ஏரா, அதாவது படகின் அடியில் நீளும் கனத்த பாகம், மடங்கும் கேட்டலினா 22-க்கு. (ஆங்கில 'கீல்' என்பதை அப்படியே எழுதினால் கதவுக் கீல் என்று மயக்கம் வருகிறது. நம் மீனவர் சொல்லான ஏராவே பொருத்தம்.) நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம், எடை 2,250 பவுண்டு. அதில் 550 பவுண்டு அந்த வார்ப்பிரும்பு ஏராதான். ஏராவை மேலே மடக்கினால் ஆழம் 2 அடி, முழுக்க இறக்கினால் 5 அடி. சாலையில் அனுமதிக்கப்பட்ட அகலம் 8 அடி 6 அங்குலம் என்பதால் தனி அனுமதி வேண்டாம்.

எல்லோரும் படகைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வழியில் நின்றுபோவது டிரெய்லர்தான். படகு பத்து வருடம் தண்ணீரில் கிடந்தால் டிரெய்லரும் பத்து வருடம் வெயிலில் கிடந்திருக்கும். எடையை முதலில் கூட்டிப்பாருங்கள். படகு 2,250, பாய், நங்கூரம், பேட்டரி, மெத்தை எல்லாம் சேர்த்து 500 முதல் 700, டிரெய்லர் சுமார் 900. மொத்தம் சுமார் 3,700 ஆகும். இந்தப் படகோடு வரும் ஒற்றை அச்சு டிரெய்லர் பலவற்றின் அச்சு 3,500 பவுண்டுக்கானது. காரோடு இணையும் இழுவை முனையில் 400 பவுண்டு இறங்கினாலும் அச்சுக்கு 3,300 மிஞ்சும். அதாவது விளிம்பில்தான் நிற்கிறோம். ஆகவே தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, நங்கூரச் சங்கிலி, பெட்ரோல் கேன், வெளிமோட்டார் மூன்றையும் வண்டிக்குள் மாற்றிவிடுங்கள். மோட்டார் அமரத்தில் (படகின் பின்முனையில்) தொங்கும் எடை. அதைக் கழற்றினால் இழுவை முனைக்குக் கனம் கூடும் என்பது இன்னொரு லாபம்.

அடுத்து சக்கரத் தாங்கிகள். 3,500 பவுண்டு அச்சில் பெரும்பாலும் உள்ளே எல்68149, வெளியே எல்44649 தாங்கி இருக்கும்; கழற்றி எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். இரண்டு சக்கரத்துக்கும் தாங்கி, அவை உட்காரும் வெளிவளையம், சீல், மூடி எல்லாமே புதிது போடுங்கள். பழைய வளையத்தில் புதுத் தாங்கியைப் போடுவது வீண் சிக்கனம். கிரீஸைத் தாங்கியின் உருளைகளுக்குள் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றவேண்டும். மேலே தடவினால் போதாது. நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு தளர்த்தி விரலால் முட்டும் அளவுக்கு மட்டும் திருகி, புது கோட்டர் ஊசி போடுங்கள். கூடுதலாக ஒரு தாங்கியையும் சீலையும் டப்பாவில் வண்டியோடு எடுத்துப்போங்கள். நடுவழியில் இது கிடைக்காது.

டயரின் பள்ளங்களின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்புத் தேதியின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு வருடம் தாண்டிய டிரெய்லர் டயரை, புதுசு போலத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். காற்று பக்கச்சுவரில் எழுதியுள்ள உச்ச அளவுக்கே இருக்கவேண்டும். காற்று குறைந்த டயர்தான் சூடேறி வெடிக்கும். மாற்றுச் சக்கரம், அதற்கான ஸ்பேனர், டிரெய்லரின் கனத்தைத் தூக்கும் ஜாக் மூன்றும் கட்டாயம். காரோடு வந்த ஜாக் உதவாது.

கலிபோர்னியாவில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது சர்ஜ் பிரேக். கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளி எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும். உப்புநீர் பட்ட சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகி நிற்கும். பின்னோக்கி மேட்டில் ஏற்றினால் இதே பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐந்து முனைப் பிளக் இருந்தால் ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் பிரேக்கை விடுவிக்கும். இல்லாவிட்டால் ஒரு பூட்டு ஊசி போடவேண்டியிருக்கும். வீட்டு வாசல் மேடாக இருப்பவர்கள் இதை முன்னமே சோதித்துவிடுங்கள்.

பாய்மரத்தைத் தண்ணீரில் இருக்கும்போதோ, டிரெய்லரில் ஏறிய பின் சரிவுக்கு மேலேயோ இறக்கலாம். தலைக்கு மேலே மின்கம்பி உண்டா என்று பார்க்காமல் எங்கேயும் நிமிர்த்தியோ சாய்த்தோ வைக்காதீர்கள். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளில் முன்கம்பியையும் முன்பக்கத்து கீழ்க்கம்பிகள் இரண்டையும் கழற்றுவோம். பாய்மரம் அமரம் நோக்கிச் சாயும். சாயும்போது பக்கத்து மேல்கம்பிகள் தளர்ந்துவிடும். பாய்மரத்தின் அடி டெக்கில் உயரமாகவும், கம்பி கட்டியிருக்கும் இடம் தாழ்வாகவும் இருப்பதால் நீளம் மிஞ்சுகிறது. அந்தத் தளர்ச்சியில் பாய்மரம் பக்கவாட்டில் ஆடும்; பாய்மர அடியின் கதவுக்கீல் போன்ற இணைப்பு முறியும் பெரும் விபத்து இதிலிருந்துதான். பூமை (மெயின் பாயின் அடித்தண்டை) முன்னால் நிறுத்தி நெம்புகோலாக்கி, மெயின் பாயின் கப்பிக் கயிற்றால் மெல்ல இறக்குங்கள். கேபினில் ஒருவர் பாய்மரத்தைத் தோளில் தாங்க, மற்றொருவர் கம்பித் திருகுகள் தடுக்கி வளைகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். திருகு மடங்கிய நிலையில் இழுபட்டால் தண்டு வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்திப் பயன்படுத்தக்கூடாது.

திருகுகளைத் தளர்த்தும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். கம்பிகளைப் பாய்மரத்தோடு சேர்த்துப் பொருள் கட்டும் நெகிழிப் படலத்தால் சுற்றுங்கள். ஒட்டும் டேப் பசையை விட்டுப்போகும். பாய்மரம் 25 அடி, படகைவிட நீளம். அணியத்தில் (முன்முனையில்) உள்ள கம்பிவேலி, நடுவில் ஒரு தாங்கி, அமரத்தில் ஒரு மரக்கவை, மூன்று இடத்தில் கட்டுங்கள். பின்னால் 4 அடிக்கு மேல் நீட்டினால் 12 அங்குலச் சதுரச் சிவப்புக் கொடி கட்டாயம், இரவில் விளக்கு.

ஏற்றும் சரிவில்தான் கணக்கு முக்கியம். ஏரா உள்ளே மடங்கினாலும் 2 அடி ஆழம், அதற்குக் கீழே டிரெய்லர் சட்டத்தின் உயரம் ஓரடிக்கு மேல். ஏரா நிற்கும் இடத்தில் மூன்றரை அடி தண்ணீர் வேண்டும். சரிவு நூற்றுக்கு 15 என்றால் கரையிலிருந்து 23 அடி உள்ளே போகவேண்டும். ஏராவுக்கும் இழுவைக் கொக்கிக்கும் இடைவெளி சுமார் 15 அடி. மீதி 8 அடிக்குக் கார் கடலில் இறங்கவேண்டும்! இதற்குத்தான் டிரெய்லரின் முன்முனையை நீளமாக்கும் 8 முதல் 10 அடி நீட்டிக் குழாய். இல்லாதவர்கள் முன்சக்கரம் உள்ள டிரெய்லரைக் கொக்கியிலிருந்து விடுவித்து, தடித்த பட்டையால் காரோடு கட்டித் தண்ணீரில் விடுகிறார்கள். நீட்டிக் குழாய் பத்திரம். பட்டை முறையில் டிரெய்லர் பக்கவாட்டில் ஓடினால் நிறுத்த ஆளில்லை.

கடல் ஓதம் ஏறும் வெள்ளத்தில் போங்கள். சிக்கினாலும் அரை மணியில் தண்ணீர் தூக்கிவிடும். ஓதம் இறங்கும் வற்றத்தில் சிக்கினால் அடுத்த வெள்ளம்வரை அங்கேதான். கோடையில் பிற்பகல் காற்று பலமாக வீசும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. வெகுதூரம் ஓடி வந்த காலி டிரெய்லரை உடனே தண்ணீரில் விடாதீர்கள். சூடான சக்கரக் குடத்தில் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிவிடும். கையை வைத்தால் சூடு தெரியாத வரை நிறுத்திவையுங்கள். விளக்குப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

படகு தட்டையாக மிதக்கும், டிரெய்லர் சரிந்து நிற்கும். மேலே இழுத்ததும் படகு பின்னால் நழுவி, அணியம் தடுப்பிலிருந்து சில அங்குலம் விலகி உட்காரும். டிரெய்லரின் வின்ச்சால் (படகை இழுக்கும் கைச்சுற்றியால்) கரையில் இழுத்துச் சரிசெய்ய முடியாது; மீண்டும் கொஞ்சம் தண்ணீரில் விட்டு, அணியத்தை இறுக்கிவிட்டு இழுக்கவேண்டும். விட்டுவிட்டால் பாரம் பின்னால் போய், இழுவை முனை இலேசாகி, நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். முனையின் கனம் மொத்தத்தில் நூற்றுக்கு 10 முதல் 15. குளியலறைத் தராசிலேயே அளக்கலாம்: மூன்றடி மரத்துண்டின் ஒரு முனை கல்லில், மறுமுனை தராசில், கல்லிலிருந்து ஓரடியில் டிரெய்லரின் முனையை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கனம்.

இனி ஏரா. மேலே மடக்கிய நிலையில் அது ஒரே கம்பிவடத்தில் தொங்குகிறது. குண்டும் குழியுமான சாலையில் 550 பவுண்டும் வடத்தையும் ஊசியையும் அடித்துக்கொண்டே வரும். டிரெய்லரில் உள்ள மரப்பலகையில் ஏரா முழுக்கச் சாய்ந்து உட்காரும்வரை ஏராவின் வின்ச்சை இறக்கி, வடம் சற்றே தளர்ந்ததும் நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையை மறந்தவர்களின் வடங்கள்தான் வழியில் அறுந்திருக்கின்றன. அமரத்தில் இரண்டு பட்டை, அணியத்தில் வின்ச்சைத் தவிர ஒரு சங்கிலி, கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட்ட பாதுகாப்புச் சங்கிலிகள்.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வேகம் 55 மைல். முதல் 10 மைலில் ஒருமுறை நின்று சக்கரக் குடங்களைத் தொட்டுப்பாருங்கள்: இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் தாங்கியோ பிரேக்கோ பிடிக்கிறது. சக்கர நட்டுகளை 50 மைலில் மறுபடி இறுக்குங்கள். ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பக்கக்காற்றில் பட்டைகள் தளர்ந்தே இருக்கும், மேட்டுக்கு முன்னால் ஒருமுறை இறுக்குவது நலம்.

கிளம்பும் முன் அடிப்பக்கத்துச் சிப்பியையும் பாசியையும் சுரண்டி, எல்லா அடைப்பான்களையும் திறந்து வடித்துவிடுங்கள். 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகப் பகுதியில் படகுகளில் ஒட்டிப் பரவும் அயல்நாட்டுத் தங்கச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஏரிகளில் படகு இறக்கும் விதிகள் இறுகிவிட்டன. நனைந்த படகைத் திருப்பியனுப்புவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அணியத்தை உயர்த்தி நிறுத்தினால் காக்பிட் நீர் பின்னால் வடியும். அடிப்பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்: அதில் செம்பு இருக்கிறது. 1988-க்கு முந்தைய பூச்சு அடியில் மிஞ்சியிருந்தால் அப்போது தடை வந்த ட்ரைபியூட்டில்டின் என்ற நஞ்சுகூட இருக்கலாம். ஈர உப்புத்தாளால் தேய்த்து, விரிப்பில் விழுந்ததைச் சேர்த்து, கவுன்டியின் நச்சுக்கழிவு நிலையத்தில் கொடுக்கவேண்டும்.

ஏராவின் சுழல் ஊசி ஓரங்குலம் தடிமன். நங்கூரத்தில் கிடக்கும்போது அடியில் 'டொக் டொக்' என்று கேட்டால் அது தேய்ந்திருக்கிறது, அல்லது ஏராவின் துளை நீள்வட்டமாகிவிட்டது. ஊசியை மட்டும் மாற்றினால் ஓசை நிற்காது. துளையைக் கடைந்து புஷ் (உள்வளையம்) போடவேண்டும். அதற்குப் படகை டிரெய்லரிலிருந்து தூக்கி நிறுத்தவேண்டும். டிரெய்லரின் முனையை ஜாக்கால் உயர்த்துங்கள், அமரம் தாழும். அமரத்தின் அடியில், சக்கரங்களுக்கு வெளியே நிற்கும் குறுக்கு உத்தரம் கொடுத்துவிட்டு முனையை இறக்குங்கள், அமரம் பலகைகளை விட்டு எழும்பும். அணியத்துக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு டிரெய்லரை வெளியே இழுத்துவிடலாம். இதெல்லாம் முடியும்வரை ஏராவைப் படகைச் சுற்றிப் போட்ட பட்டையால் கட்டியே வையுங்கள். பழைய வடத்தை நம்பி யாரும் அடியில் கை நீட்டக்கூடாது.

பக்கத் தாங்கிகளை உட்சுவர் இருக்கும் இடத்தில் இணையிணையாக வைத்து, எதிரெதிரானவற்றை அடியில் சங்கிலியால் பிணைத்த பிறகுதான் ஏராவைத் தள்ளுவண்டியில் இறக்கவேண்டும். அந்த 550 பவுண்டு இறங்கியதும் படகு இலேசாகி, தாங்கிகள் தளரும். உடனே சுற்றிவந்து ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்குங்கள்.