ஒரு பி37-க்கு ஐந்து கையேடுகள்

சென்ற வாரம் இரவுப் பணியில் இருந்தபோது, 2 மணிக்கு ஒரு ஜாப் (கணினியிடம் ஓடவிட்ட வேலை) 'ஐஇசி030ஐ பி37-04' என்ற செய்தியோடு நின்றுவிட்டது. மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய அபெண்ட்தான், அதாவது ஜாப் பாதியில் முறிவது. டேட்டாசெட்டுக்கு, அதாவது ஜாப் எழுதும் கோப்புக்கு, இடம் போதவில்லை என்று பொருள். வால்யூமில் (வட்டில்) ஏராளமாக இடம் இருக்கும்போது எப்படிப் போதாமல் போகும் என்று உடனிருந்த புதியவர் கேட்டார். சரியான கேள்வி அது. என் வாய்ச்சொல்லாக இல்லாமல் ஐபிஎம் கையேட்டிலிருந்தே விடையைக் காட்ட நினைத்தேன்.

பி37 என்ற அபெண்ட் எண்ணுக்கு ஒரு கையேடு. உடன் வந்த செய்திக்கு வேறொன்று. செய்திகள் முன்னெழுத்துகளின் அகரவரிசையில் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஐஇசி ஏழாம் தொகுதியில் இருப்பது தெரிந்தவருக்கே அது உடனே அகப்படும். ஸ்பேஸ் அளவை எழுதும் முறை, ஜாப்பை எழுதும் மொழியான ஜேசிஎல்லின் கையேட்டில். சாதாரண வரிசைமுறை டேட்டாசெட் ஒரு வால்யூமில் 16 எக்ஸ்டென்டுக்கு (இடத்துண்டுக்கு) மேல் வளராது என்ற விளக்கம் டேட்டாசெட்டுகளுக்கான கையேட்டில். அதென்ன 16? வால்யூமில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் விடாக் அட்டவணையில், ஒரு டேட்டாசெட்டுக்கான முதல் பதிவில் 3 எக்ஸ்டென்டுக்கும், தொடர்ச்சிப் பதிவில் 13-க்கும்தான் இடம் உண்டு. இது ஐந்தாவது கையேட்டில். முதலில் 10 சிலிண்டரும் (வட்டில் இடத்தை அளக்கும் அலகு) பிறகு ஐந்தைந்தாகவும் கேட்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் கேட்ட இடம் ஒரே எக்ஸ்டென்டாகக் கிடைத்தாலும், முதல் 10-உம் மீதி 15 எக்ஸ்டென்டுக்கு 75-உமாக 85 சிலிண்டரோடு கதை முடிந்தது. இந்தக் கணக்கைச் சொல்லிமுடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு துல்லியமான தொழில்நுட்ப உரைநடையை நான் வேறெங்கும் படித்ததில்லை. மென்பொருளின் எந்தப் பாகத்தை எந்தக் குழு செய்ததோ அதன்படியே புத்தகங்களையும் பிரித்திருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஜாப் நின்றுபோய்த் தவிப்பவருக்கு அந்தப் பிரிவினை எப்படித் தெரியும்?

வெளியிடும் முறை இன்னும் வாட்டுகிறது. அச்சுப் பிரதியில் மாறிய வரிகளின் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். விரல் வைத்துக்கொண்டே போனால் புதியது எதுவென்று தெரிந்துவிடும். இப்போது புத்தகத்தைச் சிறு சிறு இணையப் பக்கங்களாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்ற நினைவே தங்குவதில்லை. தளம் மாற்றியமைக்கப்பட்டபோது எங்கள் குழுவின் ரன்புக்கில் (எந்தப் பிழைக்கு என்ன செய்வது என்ற குறிப்பேட்டில்) சேர்த்து வைத்திருந்த இணைப்புகள் பலவும் செத்துப்போயின.

அதனால் அன்று விடிவதற்குள், ரன்புக்கில் பி37-க்கான பக்கத்தில் இணைப்புகளை நீக்கிவிட்டு, ஐந்து கையேடுகளின் பெயர், பதிப்பு எண், அத்தியாயத் தலைப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதி வைத்தேன். அடுத்து எஸ்0சி7 என்ற இன்னொரு அபெண்டை எடுக்க வேண்டும்.