பாயிண்டில் ஒரு கைப்பிடிப் பனி

ஜனவரி மாதம் ஒரு சாயங்காலம், சிகாகோவில் வெஸ்டர்ன் அவென்யூ ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். மஃப்ளரை இரண்டு சுற்று சுற்றியும் மூக்கு நுனி மரத்துவிட்டது. மாப்பிள்ளை கையை நீட்டி, "மாமா, அங்க பாருங்க, தண்டவாளம் பத்தி எரியுது" என்றார். அப்படித்தான் தெரிந்தது. பல லைன்கள் ஒன்றையொன்று வெட்டிப் போகிற பெரிய ஜங்ஷன் அது. பாயிண்டுகள் இருக்கும் இடங்களில் தண்டவாளத்தை ஒட்டி வரிசை வரிசையாகத் தீ. இரட்டை அடுக்கு ரயில் ஒன்று அந்தத் தீயைத் தாண்டி நிதானமாகப் போனது.

எரிந்தது தண்டவாளம் இல்லை. அதன் பக்கத்தில் பொருத்தியிருக்கும் கேஸ் குழாய். நான் 31 வருஷம் சிக்னல் பிரிவில் பாயிண்ட் பராமரித்தவன். வேலையில் ஒரு நாள்கூடப் பனியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தத் தீ எதற்கென்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

ரயில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறும் இடம்தான் பாயிண்ட். அங்கே நாக்குத் தண்டவாளம் என்று ஒன்று உண்டு. முனை கத்தி மாதிரி மெலிந்திருக்கும். மோட்டார் அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும், அது நிலையான தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து மோட்டாரை ஓட்டுவோம். அந்தத் துண்டு இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, சிக்னலும் பச்சைக்கு வரக் கூடாது. எத்தனை ஆயிரம் தடவை இதைச் செய்திருப்பேனோ தெரியாது. பனி ஊரில் அந்த இரும்புத் துண்டின் வேலையை வானமே செய்கிறது. இடைவெளியில் ஒரு கைப்பிடிப் பனி விழுந்தால் போதும். நாக்கு அதை நசுக்கி நசுக்கிக் கட்டி ஐஸாக்கிவிடும். பாயிண்ட் பூட்டாது, சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், பின்னால் வரும் ரயில்களும் வரிசையாக நிற்கும். பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பனியைச் சேரவிடாமல் உருக்கத்தான் நாங்கள் பார்த்த அந்தக் கேஸ் தீ, அதுதான் ஹீட்டர்.

பனியும் ரயிலும் என்றாலே எல்லோரும் அனுப்புவது பனியை வாரி இறைக்கும் எஞ்சின் வீடியோக்களைத்தான். எனக்கும் அவை பிடிக்கும். ரோட்டரி என்று ஒரு வகை உண்டு. முகப்பில் ராட்சதச் சக்கரம் சுழன்று பனியைச் செதுக்கி வெகுதூரம் வீசும். 1869இல் இந்த யோசனையை முதலில் சொன்னவர் டொராண்டோவில் பல் மருத்துவராக இருந்த ஜே. டபிள்யூ. எலியட். ஆனால் நேர்ப்பாதையில் கிடக்கும் சாதாரணப் பனி ரயிலுக்குப் பெரிய எதிரி அல்ல. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் தகடே ஓரளவுக்குத் தள்ளிவிடும். மலைப்பகுதியில் பனிச்சரிவு விழுந்தால்தான் கதை வேறு. 1952 ஜனவரி 13இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' ரயில் 226 பேரோடு பனியில் மாட்டிக்கொண்டது. மீட்கப் போன ரோட்டரிகளும் சிக்கிக்கொண்டன. பயணிகளை வெளியே கொண்டுவர மூன்று நாள் ஆனது. அந்த மலையில் முதன்முதலில் பாதை போட்டவர்கள் 1860களிலேயே தண்டவாளத்துக்கு மேல் மைல் கணக்கில் மரக்கூரை போட்டது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பனியிலும் ரகம் உண்டு. 1991 பிப்ரவரியில் பிரிட்டனில் விழுந்தது மாவு மாதிரி உலர்ந்த பனி. அது எஞ்சினின் காற்றுத் துவாரம் வழியாக மோட்டாருக்குள் புகுந்து உருகி, மோட்டார்களைக் கெடுத்தது. ஜப்பானில் பிரச்சினை வேறு மாதிரி. 1964இல் திறந்த டொகைடோ ஷின்கான்சென் செகிகஹாரா பக்கம் பனிப்பிரதேசத்தைத் தாண்டிப் போகிறது. வேகத்தில் கிளம்பும் பனி பெட்டியின் அடியில் ஒட்டி ஐஸாகும். அப்புறம் அது கட்டியாகக் கழன்று விழும்போது ஜல்லி தெறித்து ஜன்னலை உடைக்கும். அதனால் அங்கே தண்ணீர் தெளித்துப் பனியை ஈரமாக்கி, பறக்காமல் அடக்குகிறார்கள். மண் கரைமேல் போட்ட ஜல்லிப் பாதை என்பதால் அதிகம் தெளித்தால் கரையே இளகிவிடும். 1982இல் வந்த ஜோயெட்சு ஷின்கான்செனுக்கு அந்தக் கவலை இல்லை. கான்கிரீட் பாதை, அதனால் வெந்நீரைத் தாராளமாகத் தெளித்துப் பனியை உருக்குகிறார்கள். வழிந்த நீரைச் சேகரித்து மறுபடி சூடாக்கித் தெளிப்பதும் உண்டு. இதைத் திட்டம் போட்டவர்களை நேரில் பார்த்தால் கைகூப்புவேன்.

குளிரே தண்டவாளத்தைப் பிளக்கவும் செய்யும். எஃகு 40 டிகிரி குளிர்ந்தால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 46 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும். பற்றவைத்த நீளத் தண்டவாளம் சுருங்க வழியில்லாமல் இழுபட்டு நிற்கும். எங்காவது விட்டுக்கொண்டால், மண்ணெண்ணெயில் ஊறிய கயிற்றைத் தண்டவாளத்தின் ஓரமாகப் போட்டுப் பற்றவைத்து, அது நீண்டதும் இரண்டு முனைகளையும் சேர்ப்பார்கள். சிகாகோவிலும் இது நடப்பதுண்டு.

பனி நாளில் ரயிலைக் குறைத்தால் பயணிகளுக்குக் கோபம் வருகிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பல இடங்களில் அவசியமில்லாத பாயிண்டுகளை நேர்ப்பாதைக்கு வைத்துப் பூட்டிவிட்டு, முக்கியமான சிலவற்றை மட்டும் ஆளும் ஹீட்டரும் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். அசையாத பாயிண்ட் பனியில் சிக்காது. பத்து ரயிலில் நான்கை நிறுத்தி ஆறை ஒழுங்காக ஓட்டுவது, பத்தையும் கிளப்பிவிட்டு நடுவழியில் நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல்.

மறுநாள் காலை, இரவெல்லாம் பெய்த பனி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. மகள், "அப்பா, இந்தக் குளிர்ல எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். சொல்லிவிட்டுத் தனியாகவே அதே ஸ்டேஷனுக்குப் போனேன். ஹீட்டர்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் துடைப்பத்தோடு ஓர் ஆள் பாயிண்ட் பாயிண்டாக நடந்துகொண்டிருந்தார். இன்னொருவர் ரயில் வருகிறதா என்று பார்த்து நின்றார், காவலுக்கு. துடைப்பக்காரர் ஒரு பாயிண்டில் குனிந்து, நாக்கின் முனைக்குப் பக்கத்தில் கையுறை போட்ட விரலை விட்டு நெடுக்கத் தடவிப் பார்த்தார். நான் டெஸ்ட் துண்டு வைக்கும் அதே இடம். நிமிர்ந்து ஒதுங்கினார். நாக்கு நகர்ந்து ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் சிக்னல் பச்சைக்கு வந்தது.