பவுடர் பால் குடிக்கும் பிள்ளைக்கும் எடை இறங்கும்

சிசேரியனில் பிறந்தபோது என் மகள் 3.100 கிலோ. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் தராசில் 2.945. நான் விடாமல் சாப்பிட வேண்டிய ஒரு மருந்தால் தாய்ப்பால் வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அதனால் முதல் வேளையிலிருந்தே பவுடர் பால்தான். அளந்து அளந்து பாலாடையில் புகட்டியும் பிள்ளை ஏன் இளைக்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தையல் வலியோடு படுத்துக்கொண்டு அதைக் கேட்பது கொடுமை.

குழந்தை டாக்டர்தான் கட்டில் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டுக் காட்டினார். குறைந்தது 155 கிராம், அதாவது பிறந்த எடையில் 5 சதவீதம். எந்தப் பால் குடித்தாலும் முதல் சில நாள் எடை இறங்கும். பவுடர் பாலில் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான். உடம்பில் கூடுதலாக இருந்த நீர் சிறுநீராகப் போகிறது, கறுப்பு மலமும் போகிறது. ஆபரேஷனுக்கு முன் எனக்கு ஏற்றிய டிரிப்ஸ் கூட, பிறந்த எடையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்றார். 10 சதவீதத்தை நெருங்கினால், எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் தூக்கி வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "இன்னொரு ஸ்கூப் போட்டுக் கெட்டியா கலக்கும்மா, பிள்ளை தேறிடும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் இதில் மட்டும் நான் அசையவில்லை. எங்கள் டின்னில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு ஸ்கூப். தண்ணீரை முதலில் அளந்து, பிறகுதான் பவுடர். கெட்டியாகக் கலந்தால் உப்புச்சத்து கூடிப்போகும், பச்சிளம் சிறுநீரகம் தாங்காது, உடம்பில் நீர் வற்றிவிடும். நீர்க்கக் கலந்தால் சத்துப் போதாது. சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதையும் வேண்டாம் என்றேன். டாக்டர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னதும் அத்தை ஒப்புக்கொண்டார். பிறகு அவரே ஸ்கூப்பைத் தலைதட்டிக் கொடுத்தார்.

தராசு இல்லாத நாட்களில் எங்களுக்குத் துணை டயப்பர்தான். எத்தனை நனைந்தது என்று கணவர் நோட்டில் எழுதிவந்தார். ஒருமுறை செங்கல்பொடி நிறத்தில் கறை. ரத்தமோ என்று பதறி சிஸ்டருக்குப் போன் செய்தோம். சிறுநீர் உப்பு, முதல் சில நாள் வரும், தொடர்ந்தால் காட்டுங்கள் என்றார். மறுபடி வரவில்லை. முதல் வாரக் கடைசியில் ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையாமல் நனைந்தது.

இரண்டாம் வாரப் பரிசோதனையில் 3.130. இனி தினமும் எடை பார்க்க அலைய வேண்டாம், ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.